மதமுறை அறுப்பில் விலங்குக்கு என்ன நடக்கிறது?

மாளிகாவத்தையிலோ வெள்ளவத்தையிலோ ஓர் இறைச்சிக்கடையில் போய் "இது ஹலாலா?" என்று கேட்டால் பதில் உடனே வரும். "இந்த மாடு கழுத்து அறுபட்ட பிறகு எத்தனை செக்கன் உணர்வோடு இருந்தது?" என்று கேட்டால் கடைக்காரருக்குத் தெரியாது, வாங்க வந்தவருக்கும் தெரியாது. இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது. மதச்சட்டமும் உடற்கூறும் கொஞ்சம் தெரிந்திருந்தால் போதும். கத்தி, கயிறு, லொறி பற்றித்தான் நிறையத் தெரிந்திருக்க வேண்டும்.

தொடங்குவதற்கு முன் ஒரு சிக்கலைப் பிரித்துவிடுவோம். கொழும்பில் இந்தப் பேச்சு எழுந்தால் மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். விலங்கைக் கொல்லலாமா என்பது ஒன்று. கொல்வதானால் எப்படிக் கொல்வது என்பது அடுத்தது. மற்றச் சமூகத்தாரின் வழக்கத்தின் மேல் நமக்குள்ள கோபம் மூன்றாவது. முதலாவது கேள்வியைக் கேட்பதுபோலத் தொடங்கி மூன்றாவதில் போய் முடிகிற விவாதங்களைத்தான் நாம் அதிகம் பார்க்கிறோம். நடுவிலுள்ள கேள்விக்குத்தான் கையில் பிடிக்கக்கூடிய பதில்கள் இருக்கின்றன. விலங்குக்கு உடனடியாகப் பயன்படுவதும் அதுதான்.

கழுத்துக்குள் இருப்பவை

ஆட்டின் தொண்டையை விரலால் தடவினால் முதலில் தட்டுப்படுவது மூச்சுக்குழாய். குருத்தெலும்பு வளையங்கள் அடுக்கியதுபோல நெளிநெளியாக இருக்கும். அதன் மேல்முனையில் கெட்டியான முடிச்சுப்போல இருப்பது குரல்வளை. மூச்சுக்குழாய்க்குப் பின்னால் மெத்தென்ற உணவுக்குழாய். இரண்டு பக்கமும் தோலுக்குச் சற்றுக் கீழே, தலையிலிருந்து இரத்தத்தை இறக்கும் கழுத்து நாளங்கள். அவற்றுக்கும் உள்ளே மூச்சுக்குழாயை ஒட்டி, இதயத்திலிருந்து மூளைக்கு இரத்தம் ஏற்றும் கழுத்து நாடிகள். எல்லாவற்றுக்கும் பின்னால் முள்ளந்தண்டு, அதற்குள் நரம்புவடமான முண்ணாண்.

இதில் உயிரின் வேதனையைத் தீர்மானிப்பவை அந்த இரண்டு நாடிகள். மூச்சுக்குழாய் மட்டும் அறுபட்டால் விலங்கு சாகாது, மூச்சுத் திணறும். நாளங்கள் மட்டும் அறுபட்டால் இரத்தம் கொட்டும், ஆனால் மூளைக்குப் போகிற ஓட்டம் உடனே நிற்காது. நாடிகள் இரண்டும் ஒரே வீச்சில் முழுதாக அறுபட்டால்தான் மூளைக்குள் அழுத்தம் சட்டென விழுந்து உணர்வு போகும்.

மதங்கள் கேட்பது என்ன?

இஸ்லாமியச் சட்டநூல்கள் நான்கு உறுப்புகளைச் சொல்கின்றன: மூச்சுக்குழாயான ஹுல்கூம், உணவுக்குழாயான மரீ, இரு பக்க இரத்தக் குழாய்களான வதஜைன். இதில் எவை கட்டாயம் என்பதில் மத்ஹபுகள் எனப்படும் சட்டப் பள்ளிகளுக்கிடையே வேறுபாடு உண்டு. இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் மூச்சுக்குழாயும் உணவுக்குழாயும் முழுதாக அறுபடுவதே குறைந்தபட்ச நிபந்தனை, இரத்தக் குழாய்களை அறுப்பது ஸுன்னத், அதாவது கட்டாயமல்லாத நல்வழக்கம். ஹனபி மத்ஹபில் நான்கில் மூன்று அறுபட வேண்டும். பிஸ்மி, அதாவது அல்லாஹ்வின் பெயர், சொல்வது ஷாபிஈயில் ஸுன்னத், ஹனபியில் கட்டாயம், மறந்துபோனால் மன்னிப்பு உண்டு.

இந்தச் சிறு வேறுபாட்டில் விலங்கு நலனுக்கு ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. அறுப்பு செல்லுபடியாகும் குறைந்தபட்சமும், விலங்கு விரைவாக உணர்விழக்கும் அறுப்பும் ஒன்றல்ல. குறைந்தபட்சத்தோடு நிறுத்துகிறவரின் இறைச்சி ஹலாலாக இருக்கலாம், ஆனால் அந்த விலங்கு தேவையில்லாமல் துடித்திருக்கும். ஸுன்னத்தான முறையில் நான்கையும் அறுத்தால்தான் இரண்டும் ஒன்று சேரும்.

ஸஹீஹ் முஸ்லிமில் ஷத்தாத் பின் அவ்ஸ் அறிவிக்கும் நபிமொழி எல்லா விடயத்திலும் நல்ல முறையை அல்லாஹ் விதித்திருப்பதாகச் சொல்லி, அறுக்கும்போது நன்றாக அறுங்கள், கத்தியைத் தீட்டிக்கொள்ளுங்கள், விலங்குக்கு இலகுவாக்குங்கள் என்கிறது. ஆட்டைப் படுக்கவைத்து அதன் கண்ணெதிரே கத்தி தீட்டிய ஒருவரிடம், இதை இரண்டு முறை சாகடிக்கப் போகிறாயா என்று நபிகள் நாயகம் கேட்டதாகவும் அறிவிப்பு உண்டு. ஒன்றின் முன்னால் மற்றொன்றை அறுக்காதிருப்பது, அறுக்குமிடத்துக்கு இழுத்துக்கொண்டு போகாதிருப்பது, உயிர் அடங்குமுன் கழுத்தை முறிக்காமலும் தோலை உரிக்காமலும் இருப்பது எல்லாம் சட்டநூல்களில் எழுதிவைத்த ஒழுக்கங்கள். இடப்பக்கம் சாய்த்து, மக்காவின் திசையான கிப்லாவை நோக்கிப் படுக்கவைப்பது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. கொழும்பிலிருந்து கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்த திசை. இடம் நெருக்கமான இடத்தில் அந்தத் திசைக்காகவே மாட்டைக் கயிற்றால் இழுத்துத் திருப்புகிறார்கள். எழுதிய ஒழுக்கங்களில் ஒன்றைக் காப்பாற்ற மற்றொன்றை மீறுகிற இடம் அது. மாட்டைக் கொண்டுவந்து நிறுத்துவதற்கு முன்பே, விழுந்தால் எந்தப் பக்கம் விழும் என்று பார்த்து நிறுத்தினால் இழுக்க வேண்டியதே இல்லை.

யூதமுறை அறுப்பான ஷெஹீத்தா கொழும்பில் கண்ணில் படுகிற வழக்கமில்லை. ஆனாலும் அதன் ஐந்து தடைகளை எந்த அறுப்பவரும் மனப்பாடம் செய்யலாம். வீச்சை இடையில் நிறுத்தக்கூடாது, கத்தியை அழுத்தக்கூடாது, கத்தி தோலுக்கோ இறைச்சிக்கோ கீழே புதையக்கூடாது, குறித்த இடத்தை விட்டு விலகக்கூடாது, குழாய்கள் அறுபடாமல் பிய்ந்து வரக்கூடாது. ஒன்று தவறினாலும் அந்த இறைச்சி யூதருக்கு ஆகாது. கூர்ந்து பார்த்தால் ஐந்தும் ஒன்றையே சொல்கின்றன: மொட்டைக் கத்தியும் நடுங்கும் கையும் கூடாது.

சீக்கியரின் ஜட்கா, நம் கிராமக் கோயில்களின் வேள்வி இரண்டிலும் ஒரே வெட்டில் தலை துண்டாக வேண்டும். சரியாக விழும் வெட்டில் முள்ளந்தண்டுக்குள்ளால் போகிற நாடிகள் உட்பட எல்லாமே ஒரேயடியாக அறுபடும், அது இந்த முறையின் பலம். வெட்டு எலும்பில் மாட்டி இரண்டாவது வெட்டு தேவைப்பட்டால் அதைவிடக் கொடுமை வேறில்லை. மேளமும் கூட்டமும் இரத்த வாடையும் நடுவில், தன் முறை வரும்வரை வரிசையில் கட்டப்பட்டு நிற்கிற கிடாய்களின் பயத்தை எந்த நல்ல வெட்டும் ஈடுசெய்யாது.

எத்தனை செக்கன்?

மூளையின் மின்னலைகளைப் பதிந்த ஆய்வுகளில், கழுத்து நாடிகள் இரண்டும் அறுபட்ட செம்மறிகள் பெரும்பாலும் 2 முதல் 20 செக்கனுக்குள் உணர்விழந்தன. வெள்ளாட்டின் அமைப்பும் அதைப் போன்றதே. மாடு அப்படியல்ல. மாட்டின் மூளைக்கு இரத்தம் போக இன்னொரு வழி இருக்கிறது. கழுத்தெலும்புகளுக்குள்ளே ஏறிப்போகும் நாடிகள் மாட்டில் மூளையின் அடிப்பாகத்தோடு நன்றாக இணைந்திருக்கின்றன. கத்தி எவ்வளவு ஆழமாகப் போனாலும் எலும்புக்குள் இருக்கிற அவற்றை எட்டாது.

இதோடு இன்னொரு கோளாறும் சேரும். அறுபட்ட நாடியின் முனை றப்பர்போலத் தன் உறைக்குள் சுருங்கிக்கொள்ளும். அதைச் சுற்றி இரத்தம் உறைந்து அடைப்பான்போல மூடிக்கொள்ளும். வெளியே பார்த்தால் இரத்தம் ஓடிக்கொண்டிருப்பதுபோலத் தெரியும், ஆனால் அந்த நாடியிலிருந்து வருவது குறைந்துவிட்டிருக்கும். அழுத்தம் விழாது, உணர்வும் போகாது. 174 மாடுகளை நேரம் குறித்துப் பார்த்த, 2010ல் வெளியான ஓர் ஆய்வில், மாடு கடைசியாகச் சரிந்து விழச் சராசரியாக 20 செக்கன் எடுத்தது. ஆனால் 8 சதவீதமான மாடுகளுக்கு 60 செக்கனோ அதற்கு மேலோ ஆனது. 14 சதவீதமானவை விழுந்த பிறகு மறுபடியும் எழுந்து நின்றன. சராசரியை மட்டும் சொல்லி ஆறுதல் அடைகிறவர்கள் அந்த 8 சதவீதத்தையும் பார்க்க வேண்டும்.

கழுத்தின் நடுவிலோ கீழேயோ அறுத்தால் இந்த அடைப்பு அதிகம் ஏற்படுகிறது, தாடைக்குக் கிட்ட அறுத்தால் குறைகிறது. ஆனால் குரல்வளை முடிச்சு முழுதாக உடல் பக்கம் போய்விடும்படி அதற்கு மேலே அறுப்பதைச் சட்ட அறிஞர் பலர் ஏற்பதில்லை. ஆகவே அறுப்பவருக்கு இருக்கிற நல்ல இடம், முடிச்சுக்குச் சற்றுக் கீழே என்பதுதான். முடிச்சிலிருந்து ஒரு சாண் கீழே இறங்கி அறுப்பது மதத்துக்கும் தேவையில்லை, மாட்டுக்கும் தீங்கு.

அறுப்பு வலிக்குமா? 1978ல் ஜேர்மனியின் ஹனோவரில் நடந்த ஆய்வு, கூரிய கத்தி அறுப்பில் வலிக்கான தெளிவான அறிகுறி இல்லை என்றது. இன்றும் பலர் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். அதில் ஒப்பீட்டுக்குப் பயன்பட்ட, நெற்றியில் உலோகத் தண்டால் அடித்து மயக்கும் போல்ட் துப்பாக்கி சரியாக வேலை செய்யாதிருக்கலாம் என்று ஆய்வாளர்களே குறித்ததைச் சேர்த்துச் சொல்பவர்கள் குறைவு. 2009ல் நியூசிலாந்தின் மாஸி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இலேசான மயக்கத்தில் இருந்த கன்றுகளின் கழுத்தை அறுத்துப் பார்த்தபோது வலிக்குரிய மின்னலை மாற்றங்களைக் கண்டார்கள். கத்தி எவ்வளவு கூர்மையோ வலி அவ்வளவு குறையும். மாட்டுக்கு வலியே இல்லை என்று மட்டும் இன்று நேர்மையாகச் சொல்ல முடியாது.

கால் உதைப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். உணர்வு போன பிறகும் முண்ணாணின் அனிச்சையால் கால்கள் ஓடுவதுபோல உதைக்கும். எதிர்மாறாக, அறுத்தவுடன் கத்தி நுனியால் முண்ணாணையும் குத்தி அறுத்துவிட்டால் மாடு அசையாமல் கிடக்கும், ஆனால் உணர்வோடு கிடக்கலாம். பார்க்க வேண்டியது கண்ணையும் மூச்சையும். கண்ணின் கருவிழிமேல் விரல் நுனியால் மெதுவாகத் தொட்டால் இமை மூடக்கூடாது. விலா எலும்புகள் ஒரே சீராக ஏறி இறங்கக்கூடாது. தலையைத் தூக்க முயலக்கூடாது.

மயக்கமூட்டல்

அறுக்கும் முன் உணர்விழக்கச் செய்வதை மயக்கமூட்டல் என்கிறோம். ஊசி போடுவதில்லை. ஒன்று, மூளைக்குள் மின்சாரம் பாய்ச்சி வலிப்பை உண்டாக்குவது. மற்றொன்று, நெற்றியில் உலோகத் தண்டால் பலமாக அடிப்பது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு ஒழுங்குவிதி தலையில் மட்டும் பாய்ச்சும் மின்சாரத்துக்குக் குறைந்தபட்ச அளவுகளை வகுத்திருக்கிறது: ஆட்டுக்கு 1 அம்பியர், பெரிய மாட்டுக்கு 1.28 அம்பியர், கோழிக்கு 240 மில்லி அம்பியர். இப்படி மயங்கிய ஆட்டை அறுக்காமல் விட்டால் சிறிது நேரத்தில் எழுந்து நடக்கும். நியூசிலாந்திலிருந்து ஏற்றுமதியாகும் ஹலால் ஆட்டிறைச்சி இந்த முறையில்தான் வருகிறது. விலங்கு கத்தியால்தான் இறக்கிறது, மின்சாரத்தால் அல்ல என்பதுதான் இதை ஏற்கிற அறிஞர்களின் அடிப்படை. ஏற்காதவர்கள், கத்திக்கு முன் சில விலங்குகள் இறந்துபோகக்கூடும் என்ற அச்சத்தைச் சொல்கிறார்கள். மின்னோட்டம் அளவு மீறினாலோ இதயத்தினூடாகப் பாய்ந்தாலோ அது நடக்கக்கூடியதே, ஆகவே அந்த அச்சத்தை அலட்சியம் செய்யக்கூடாது.

மயக்கமூட்டினால் இரத்தம் சரியாக வடியாது என்ற வாதம் மட்டும் நிற்கவில்லை. அளந்து பார்த்த ஆய்வுகளில் வடிந்த இரத்தத்தின் அளவில் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை. எந்த முறையிலும் உடலிலுள்ள இரத்தத்தில் ஏறக்குறையப் பாதிதான் வெளியேறுகிறது.

மின்முறையிலும் பிழைகள் நடக்கும். இடுக்கியின் இரு முனைகளும் கண்ணுக்கும் காதுக்கும் நடுவே, மூளையை இடையில் வைத்துப் பிடிக்க வேண்டும். கழுத்தில் பிடித்தால் ஆடு விறைத்துப்போகும், பார்ப்பவர் மயங்கிவிட்டது என்று நினைப்பார், உள்ளே உணர்வு இருக்கும். உலர்ந்த கம்பளி மின்சாரத்தைத் தடுக்கும். மயங்கியதிலிருந்து 15 செக்கனுக்குள் அறுக்காவிட்டால் விழிப்பு திரும்பத் தொடங்கும். போல்ட் துப்பாக்கியானால் ஒவ்வொரு கண்ணிலிருந்தும் எதிர்ப்பக்கக் கொம்பின் அடிக்கு மனதால் கோடிழுத்து, கோடுகள் வெட்டும் இடத்தில் சுட வேண்டும். இரண்டு அங்குலம் தவறினால் மாடு மண்டை நொந்து, உணர்வோடு நிற்கும். மலேசிய ஹலால் தரநிலை, மண்டையைத் துளைக்காத குமிழ்த்தலை போல்டை நிபந்தனைகளோடு அனுமதிக்கிறது. அவுஸ்திரியா இன்னொரு வழியை எடுத்தது: உணர்வோடு அறுக்கலாம், ஆனால் அறுத்த உடனேயே மயக்கமூட்ட வேண்டும்.

எங்கள் கருத்தைச் சொல்லிவிடுகிறோம். ஆட்டுக்கும் கோழிக்கும், நல்ல கையும் நல்ல கத்தியும் இருந்தால், மயக்கமூட்டி அறுப்பதற்கும் உணர்வோடு அறுப்பதற்கும் இடைவெளி சிறியது. மாட்டுக்கு அந்த இடைவெளி பெரியது. இலங்கையின் மார்க்க அறிஞர்களான உலமாக்களும் கால்நடை வைத்தியர்களும் ஒரே மேசையில் அமர்ந்து முதலில் பேச வேண்டியது மாட்டைப் பற்றித்தான். அறுத்தவுடன் மயக்கமூட்டும் முறையிலிருந்து அந்தப் பேச்சைத் தொடங்கலாம்.

கத்திக்கு முந்திய நாள்

விவாதமெல்லாம் கடைசி ஒரு நிமிடத்தைப் பற்றியதாக இருக்கிறது. மாட்டின் வேதனையில் பெரும்பங்கு அதற்கு முந்திய நாளிலேயே முடிந்துவிடுகிறது. வடமத்திய, கிழக்கு மாகாணங்களிலிருந்து கொழும்புக்கு லொறியில் வருகிற மாடு பல மணி நேரம் நிற்க வேண்டியிருக்கிறது. தளத்தில் மணலோ வைக்கோலோ இல்லாவிட்டால் சாணமும் சிறுநீரும் சேர்ந்து சறுக்கும். ஒன்று விழுந்தால் மற்றவை அதன்மேல் மிதிக்கும். ஐரோப்பியப் போக்குவரத்து விதி சுமார் 200 கிலோ விலங்குக்கு 0.7 முதல் 0.95 சதுர மீற்றர் இடம் கேட்கிறது. நம் ஊர் மாட்டுக்கும் இந்த அளவு பொருந்தும். இதைவிட நெருக்கினால் விழுந்த மாடு எழும்பவே முடியாது.

ஹஜ்ஜுப் பெருநாள் பலியான உழ்ஹிய்யாவுக்கு இதில் நேரடியான தொடர்பு இருக்கிறது. தெளிவாகத் தெரியும் நொண்டி, தெளிவான நோய், ஒரு கண் குருடு, எலும்பும் தோலுமான மெலிவு என்ற நான்கு குறைகளில் ஒன்று இருந்தாலும் அந்த விலங்கு குர்பானி என்கிற அந்தப் பலிக்கு ஆகாது என்று நபிமொழி உண்டு. வாங்கும்போது குறையில்லாத மாடு லொறியில் கால் முறிந்து நொண்டியாக இறங்கினால், ஒரே மாட்டில் பங்கு சேர்ந்த ஏழு பேரின் கடமையும் கேள்விக்குறியாகிவிடும். மாட்டை நன்றாகக் கொண்டுவருவது இரக்கம் மட்டுமல்ல, வணக்கத்தின் நிபந்தனையும்கூட.

பயந்து களைத்த மாட்டின் இறைச்சியே அதைக் காட்டிக்கொடுக்கும். தசையிலுள்ள சர்க்கரைச் சேமிப்பு தீர்ந்துபோவதால் அறுத்த பிறகு அமிலத்தன்மை ஏறாது. வழக்கமாக 5.4 முதல் 5.7 வரை இறங்க வேண்டிய பீஎச் 6க்கு மேலேயே நின்றுவிடும். இறைச்சி கருஞ்சிவப்பாக, இறுகி, மேற்பரப்பு உலர்ந்து ஒட்டும், சீக்கிரம் பழுதாகும்.

அடுத்தது வீழ்த்துதல். நான்கு பேர் நான்கு பக்கம் இழுப்பது, வாலை முறுக்குவது, சீமெந்துத் தரையில் தலை மோத விழுத்துவது, பின்னங்காலில் சங்கிலி போட்டு உயிரோடு தூக்குவது எல்லாம் தேவையற்ற கொடுமை. ஒரே நீளக் கயிற்றைக் கொம்பின் அடியிலோ கழுத்திலோ இறுகாத முடிச்சாகக் கட்டி, முன்னங்காலுக்குப் பின்னால் ஒரு சுற்று, இடுப்புக்கு முன்னால் ஒரு சுற்று போட்டுப் பின்னோக்கி நேராக, சீராக இழுத்தால் மாடு தானாகவே கால் மடித்துப் படுக்கும். தலையை ஒருவர் பிடித்தால் போதும். கீழே மணல் அல்லது சாக்கு. சத்தம் வேண்டாம். வெள்ளை வாளி, ஆடும் துணி, தரையில் விழும் கூர்நிழல் இவற்றைக் கண்டு மாடு முன்னால் நகர மறுக்கும். அடிப்பதற்கு முன், அது பார்க்கிற பக்கத்தை நீங்களும் ஒருமுறை குனிந்து பாருங்கள்.

கத்தி

அலகின் நீளம் கழுத்தின் அகலத்தைப்போல இரு மடங்காவது இருக்க வேண்டும். ஆட்டுக்கு 20 சென்ரிமீற்றருக்குக் குறையாமல், மாட்டுக்கு 40 சென்ரிமீற்றர் அளவில். சமையலறைக் கத்தியால் மாட்டை அறுக்கும்போது அதன் நுனி காயத்துக்குள் மறைந்து ஒவ்வொரு இழுப்பிலும் குத்துகிறது, காயத்தின் ஓரங்கள் அலகின்மேல் மூடுகின்றன. ஒரே வீச்சுக்குப் பதிலாக எட்டுப் பத்து இழுப்புகள் தேவைப்படுவது இதனால்தான்.

கூர்மையைச் சோதிக்க, ஒரு தாளை மேல்முனையில் பிடித்துத் தொங்கவிட்டு அலகை வையுங்கள், கிழியாமல் வெட்ட வேண்டும். பிறகு பெருவிரல் நகத்தை அலகின் ஓரமாக அடி முதல் நுனி வரை மெதுவாக ஓட்டுங்கள். எங்காவது நகம் மாட்டினால் அங்கே பல் விழுந்திருக்கிறது, அந்தப் பல் நாடியை அறுக்காமல் பிய்க்கும். ஒவ்வொரு விலங்குக்குப் பிறகும் இந்தச் சோதனை வேண்டும், ஏனெனில் அலகு முள்ளந்தண்டில் ஒருமுறை பட்டாலே கூர் போய்விடும். பெருநாளன்று பத்து மாடு அறுக்கிறவரிடம் குறைந்தது மூன்று கத்தி இருக்கட்டும். தீட்டுவது வேறோர் இடத்தில், விலங்கின் கண்ணுக்கு மறைவாக.

கோழி

எண்ணிக்கையைப் பார்த்தால் நம் ஊரில் அறுபடுவதில் மிகப்பெரும் பங்கு கோழிதான், பேச்சில் மிகக் குறைந்த இடம் பெறுவதும் அதுவே. கோழியின் கழுத்து நாடிகள் கழுத்தின் நடுப்பகுதியில் எலும்பை ஒட்டித் தசைக்கடியில் ஆழமாக ஓடுகின்றன, தலைக்குக் கிட்டத்தான் மேலே வருகின்றன. அதனால் கழுத்தின் நடுவில் மேலோட்டமாகக் கீறினால் நாளம் மட்டும் அறுபடும். தாடைக்குக் கிட்ட அறுத்தால் நாடியும் அறுபட்டு, பெரும்பாலும் அரை நிமிடத்துக்குள் உணர்வு போகும்.

அவசரமான கடைகளில் நடக்கிற பெரிய தவறு அதற்குப் பிறகுதான் வருகிறது. அறுத்ததை ஒன்றன்மேல் ஒன்றாகப் பீப்பாயில் எறிந்து, துடிப்பு அடங்குமுன் 50, 60 பாகை சுடுநீரில் அமிழ்த்துகிறார்கள். உயிர் போகாத கோழி சுடுநீரில் மூழ்கிச் செத்தால் அது கொடுமை, ஹலாலிலும் சந்தேகம். தகரக் கூம்பில் தலைகீழாக வைத்து அறுத்து, பிரித்தானிய விதி கேட்பதுபோல 90 செக்கன் அதிலேயே விட்டால் இரண்டு பிரச்சினையும் தீரும். கூம்புக்குள் சிறகு அடிக்காது, எலும்பு முறியாது. நாலைந்து கூம்புகள் வரிசையாக இருந்தால் வேலையும் தாமதமாகாது.

சட்டமும் அரசியலும்

இலங்கையில் மாடறுப்புக்கான உரிமம் 1893ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க இறைச்சிக்கடைக்காரர் கட்டளைச் சட்டத்திலிருந்து வருகிறது. விலங்குக் கொடுமைத் தடைச் சட்டம் 1907ஆம் ஆண்டுக்குரியது, அதில் உச்ச அபராதம் 100 ரூபாய். அக்காலத்தில் அது பெரிய தொகை, இன்று அதற்கு ஒரு கிலோ இறைச்சிகூட வராது. புதிய விலங்கு நலச் சட்டமூலம் 2006இலிருந்து பேச்சிலேயே இருக்கிறது. விலங்குமேல் உண்மையான அக்கறை உள்ளவர்கள் முதலில் தட்ட வேண்டிய கதவு இதுதான்.

அதே 1893இல், சுவிட்சர்லாந்து மக்கள் வாக்கெடுப்பின் மூலம் மயக்கமூட்டாத அறுப்பைத் தடைசெய்தது. அதன் பின்னால் விலங்கு நேசத்தோடு யூத வெறுப்பும் கலந்திருந்தது என்பது வரலாற்றாசிரியர்கள் ஒப்புக்கொண்டது. 1933இல் நாஜி ஜேர்மனி ஆட்சிக்கு வந்த சில மாதங்களிலேயே இதேபோன்ற சட்டத்தைக் கொண்டுவந்தது. இதனால் ஐரோப்பாவின் இன்றைய தடைகளெல்லாம் வெறுப்பின் பிள்ளைகள் என்று சொல்லிவிட முடியாது. பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் மாநிலம் 2019இல் மீளக்கூடிய மயக்கமூட்டலைக் கட்டாயமாக்கியதை ஐரோப்பிய நீதிமன்றம் 2020இலும், ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2024இலும் ஏற்றுக்கொண்டன.

விலங்கு நேசத்தோடு வெறுப்பு கலக்கிற அந்த அனுபவம் இங்கே நமக்கும் உண்டு. 2013இல் ஹலால் இலச்சினைக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியில் மாட்டின் கழுத்தைப் பற்றிய அக்கறையைவிட மனிதர்மேல் இருந்த பகை பெரிதாக இருந்தது. கோயில் பலிகளில் சட்டம் வேறு விதமாக நுழைந்தது. முன்னேஸ்வரம் பத்திரகாளி கோயிலின் பலி 2011இல் அமைச்சர் ஒருவர் நேரில் தலையிட்டதால் நின்றது. யாழ் குடாநாட்டு ஆலயங்களின் வேள்விக்கு யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் 2017இல் தடை விதித்தது. வேள்வி நின்ற ஊர்களிலும் ஆட்டிறைச்சி தின்பது நிற்கவில்லை. அந்த ஆடுகள் இப்போது எங்கே, எந்தக் கத்தியால் அறுபடுகின்றன என்று கேட்டுப் பார்க்கவும் ஆள் வேண்டும்.

கொல்லலாமா என்ற முதல் கேள்விக்கு இந்த ஊரில் ஒரே பதில் கிடையாது. தனக்காகக் கொல்லப்பட்டதைக் காணாத, கேளாத, சந்தேகிக்காத பிக்கு இறைச்சியை ஏற்கலாம் என்கிறது புத்தரின் உரையான ஜீவக சூத்திரம். அதே பௌத்தம் இறைச்சி விற்கும் தொழிலை உபாசகரான இல்லறத்தாருக்கு விலக்குகிறது. தின்பவர் இல்லாவிட்டால் விலைக்கு விற்பவரும் இருக்கமாட்டார் என்று வள்ளுவர் இந்தப் பிரிவினையை நேராகவே மறுக்கிறார். மச்சம் தொடாத சைவர் கேட்கும் கேள்வி வலுவானது. ஆனால் மச்சம் சாப்பிடுகிற மற்ற எல்லோருக்கும், எப்படி அறுபட்டது என்பதில் பொறுப்பு உண்டு, அறுத்தவர் எந்த மதத்தவராயினும்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்

மாநகர சபையின் அனுமதி, மாட்டின் உரிமைச் சீட்டு, கால்நடை வைத்தியரின் சான்றிதழ், போக்குவரத்து அனுமதி எல்லாவற்றையும் ஒரு வாரம் முந்தியே எடுத்துவையுங்கள். கடைசி இரவில் அவசரமாக ஓடும் லொறியில்தான் மாடுகள் நெரிபடுகின்றன. குர்பானி நாட்கள் துல்ஹஜ் மாதப் பிறை 10 முதல் 13 வரை. பௌர்ணமியான போயா தினத்தில் மடுவங்களும் இறைச்சிக்கடைகளும் மூடியிருக்கும், பௌர்ணமி பிறை 13ஐ ஒட்டி வரலாம் என்பதால் கடைசி நாளுக்குத் தள்ளிப்போடாதீர்கள். மாடு ஒரு நாளாவது முந்தி வந்து இளைப்பாறட்டும். அறுப்புக்கு முன் சுமார் 12 மணி நேரம் தீனியை நிறுத்தலாம், தண்ணீரை ஒருபோதும் நிறுத்தக்கூடாது. நிழலில் கட்டுங்கள், தனியாகக் கட்டினால் பதறும், இரண்டாகக் கட்டுங்கள்.

அறுக்கும் இடத்தையும் காத்திருக்கும் இடத்தையும் ஒரு தார்ப்பாயாவது கட்டிப் பிரித்துவையுங்கள். ஒவ்வொரு மாட்டுக்குப் பிறகும் இரத்தத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டே அடுத்ததைக் கூட்டி வாருங்கள். கைத்தொலைபேசியில் படம் எடுக்கும் கூட்டத்தைத் தார்ப்பாய்க்கு வெளியே நிறுத்த ஒருவரை நியமியுங்கள். கட்டிப் படுக்கவைத்த மாட்டை, ஆள் வரவேண்டும் துஆ ஓத வேண்டும் என்று காக்க வைக்காதீர்கள். எல்லாம் தயாரான பிறகுதான் கயிறு போட வேண்டும். அறுத்த பிறகு 30 செக்கன் யாரும் தொடவேண்டாம், தலையைப் பிடித்தவர் மட்டும் காயம் மூடாதபடி கழுத்தை நீட்டிப் பிடித்திருக்கட்டும். பிறகு கண்ணைத் தொட்டுப் பாருங்கள். இமை அசைந்தால், கத்தி இன்னும் கையில் உள்ள அதே ஆள் உடனே குனிந்து அறுபடாத நாடியைத் தேடி அறுக்க வேண்டும். அசையாவிட்டால், மூச்சும் நின்றிருந்தால், தோலில் கைவைக்கலாம்.